உறுதியான தாழிகள்

மொழிபெயர்ப்பாள நண்பர் ஒருவர் ஆதிச்சநல்லூர் பற்றிய ஆங்கிலக் கட்டுரையொன்றைத் தமிழாக்கி, ஒருமுறை பார்த்துத் தரும்படி அனுப்பியிருந்தார். மூன்றாம் பத்தியில் இப்படி ஒரு வாக்கியம்: ‘உறுதியான தாழிகளில் நெல் உமி காணப்பட்டது.’ தாழிகள் உறுதியானவைதாம். சரளை மண் அழுத்த இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் கிடந்தும் அவற்றில் பல முழுதாக வெளிவந்திருக்கின்றன. ஆனால் உறுதியில்லாத தாழிகளில் உமி இல்லையா என்ற கேள்வி எழுந்ததால் மூலத்தைப் புரட்டினேன். அங்கே இருந்த சொல் ‘ஸர்ட்டன்’. ‘சில தாழிகளில்’ என்பதுதான் ஆசிரியர் சொன்னது. அதே கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், எலும்புகள் எந்த மக்களுடையவை என்பது ‘ஸர்ட்டன்’ அல்ல என்று எழுதியிருந்தார். நண்பர் அதை ‘குறிப்பிடப்படவில்லை’ என்று முடித்துவிட்டார். உறுதி இல்லாத இடத்தில் உறுதி வந்துவிட்டது. உறுதியின்மையைச் சொல்லவேண்டிய இடத்தில் அது காணாமல் போய்விட்டது.

சிரித்துவிட்டுத் திருத்தி அனுப்பியிருக்கலாம். அனுப்பவும் செய்தேன். ஆனால் சிரிப்பு அடங்கிய பிறகு தோன்றியது, இந்தத் தவறு நண்பருடையது மட்டுமில்லை என்று. ஆதிச்சநல்லூரைப் பற்றித் தமிழில் கடந்த இருபது ஆண்டுகளாக எழுதப்பட்டுவரும் பெரும்பாலானவற்றுக்கு இதையே சுருக்கமாகக் கொள்ளலாம். ஐயம் இருந்த இடமெல்லாம் ‘உறுதி’ என்று மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. நண்பர் அறியாமல் செய்தார். மற்றவர்கள் அறிந்தே செய்கிறார்கள் என்பது என் குற்றச்சாட்டு.

1

முதலில் அந்த ஆங்கிலச் சொல்லைப் பார்த்துவிடலாம். ‘ஸர்ட்டன்’ லத்தீன் மூலத்திலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேர்வினைக்குச் சலித்தல், பிரித்தெடுத்தல், பிறகு தீர்மானித்தல் என்று பொருள். சொளகில் புடைத்துப் பதரை நீக்கிய பின் மிஞ்சும் மணி எதுவோ அது ‘ஸர்ட்டன்’. அதன் தோழமைச் சொல்லான ‘ஷ்யூர்’ வேறு குடும்பம். ‘கவலையற்ற’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ‘செக்யூர்’ என்பதன் உடன்பிறப்பு. ஒன்று சலித்துப் பெற்ற உறுதி, மற்றது கவலை நீங்கிய மனநிலை. ஒன்றுக்கு உழைப்பு வேண்டும், மற்றதற்கு நல்ல தூக்கம் போதும். நம் இளைஞர்கள் எதைக் கேட்டாலும் ‘ஷ்யூர்’ என்கிறார்களே தவிர ‘ஸர்ட்டன்’ என்பதில்லை. அது தற்செயலாக இருக்கலாம்.

இந்தச் சொல்லின் வினோதம் அதன் இரண்டாம் முகம். பயனிலையாக வரும்போது அது ஐயமின்மை. பெயருக்கு முன் அடையாக வரும்போது பெரும்பாலும் அதற்கு நேர் எதிர்: ‘யாரென்று சொல்லாத ஒருவர்’, ‘எவையென்று சொல்லாத சில’. பேசுபவருக்குத் தெரியும், ஆனால் கேட்பவருக்குச் சொல்லவில்லை என்பதே அதன் உட்கிடை. இந்த இரண்டாம் முகத்துக்கு நம் பத்திரிகைத் தமிழ் கண்டுபிடித்த சொல் ‘குறிப்பிட்ட’. ‘குறிப்பிட்ட சில காரணங்களால் விழா ஒத்திவைக்கப்பட்டது’ என்று எழுதுகிறோம். காரணம் எங்கும் குறிப்பிடப்பட்டிருக்காது. குறிப்பிடாததைக் ‘குறிப்பிட்ட’ என்று சொல்லும் துணிவு உலகில் வேறு எந்த மொழிக்கு உண்டு என்று தெரியவில்லை. ‘சில’ என்ற இரண்டெழுத்துச் சொல் நம்மிடம் இருக்கிறது. ‘ஏதோ சில’ என்றும் சொல்லலாம். அவை எளிமையானவை, அதனால் கௌரவக் குறைவு போலும்.

ஆங்கிலம்தான் இப்படி இரட்டை வேடம் போடுகிறது, தமிழ் அப்படியில்லை என்று யாரும் பெருமைப்பட வேண்டாம். தமிழில் உறுதியைக் குறித்த பழஞ்சொற்களுள் ஒன்று ‘ஒருதலை’. குறளில் அமைச்சு அதிகாரத்தில் வரும் ‘ஒருதலை’க்குத் தயக்கமின்றித் துணிந்து சொல்லுதல் என்று பொருள். மெய்யுணர்தல் அதிகாரத்திலும் ஐயமின்மை என்ற பொருளே. காமத்துப்பாலுக்குப் போனால், தனிப்படர்மிகுதி அதிகாரத்தில் அதே சொல் ஒருபக்கமாக நிற்கும் காதலைக் குறிக்கிறது. ஒரே நூலில் ஒரே சொல் உறுதியாகவும் இருக்கிறது, ஒருபக்கச் சார்பாகவும் இருக்கிறது. பின்வந்த நூற்றாண்டுகளில் முதல் பொருள் தேய்ந்து உதிர்ந்துவிட்டது. இன்று நமக்கு மிஞ்சியிருப்பது ‘ஒருதலைக் காதல்’, ‘ஒருதலைப்பட்சம்’ ஆகிய இரண்டுதான். உறுதி என்பது எவ்வளவு எளிதில் சார்பாக நழுவும் என்பதை மொழியே நமக்குக் காட்டி வைத்திருக்கிறது.

2

அப்படியானால் தமிழில் உறுதியைச் சொல்லச் சொற்கள் இல்லையா? சொல்வளம் மிக்க துறைகளில் இதுவும் ஒன்று. தெளிதல், தேறுதல், துணிதல், திண்ணம், நிச்சயம், உறுதி எனப் பல உண்டு. ஒவ்வொன்றும் வேறு வேறு. ‘திண்ணம்’ கெட்டித்தன்மையிலிருந்து வருவது. ‘துணிபு’ ஐயத்தை வெட்டித் தீர்ப்பது. ‘நிச்சயம்’ வடமொழியிலிருந்து வந்து, கல்யாண வீட்டில் வெற்றிலைத் தட்டு மாற்றிக்கொள்ளும் சடங்கின் பெயராகவும் ஆகிவிட்டது. ‘உறுதி’ என்பதற்கு வலிமை, நன்மை என்றும் பொருள் உண்டு. அறம், பொருள், இன்பம், வீடு நான்கையும் ‘உறுதிப்பொருள்’ என்றது அந்த நன்மைப் பொருளில்தான். ஆக ‘உறுதி’ என்ற சொல்லிலேயே விருப்பம் கொஞ்சம் கலந்திருக்கிறது. நமக்கு நல்லது எதுவோ அது உறுதி.

எனக்கு மிகவும் பிடித்தது ‘தேற்றம்’. கலங்கிய நீர் தெளிவதைத் ‘தேறுதல்’ என்பார்கள். தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் தேய்த்துவிட்டால் கலங்கல் கீழே படியும். மேலே தெளிந்த நீர் நிற்கும். அறிவில் ஏற்படும் தெளிவுக்கும் அதே சொல், துயரத்தில் பெறும் ஆறுதலுக்கும் அதே சொல். இதில் கவனிக்க வேண்டியது, தேற்றம் என்பது உடனே கிடைப்பதில்லை. பானையை அசைக்காமல் காத்திருக்க வேண்டும். வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே ‘தெரிந்து தெளிதல்’ என்று பெயர் வைத்தார். ஆராய்ந்து அறிதல் முதலில், தெளிதல் பிறகு. வரிசை மாறக்கூடாது.

ஐயத்துக்கு நம் இலக்கணம் கொடுத்த இடம் இன்னும் வியப்பானது. தொல்காப்பிய இடையியல் ஏகாரத்தின் பொருள்களில் தேற்றத்தைச் சொல்கிறது. உம்மையின் பொருள்களில் ஐயத்தைச் சொல்கிறது. ‘கொல்’ என்ற இடைச்சொல்லை முழுவதுமாக ஐயத்துக்கே ஒதுக்கிவைக்கிறது. கிளவியாக்கத்திலோ, ஒன்றைப் பற்றி ஐயம் இருக்கும்போது அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்குத் தனி விதியே இருக்கிறது. இருட்டில் தொலைவில் நிற்பது மரக்கட்டையா மனிதனா என்று தெரியாதபோது எந்தச் சொல்லால் சுட்டுவது என்ற கேள்வியை உரையாசிரியர்கள் விவாதிக்கிறார்கள். தெரியாததைப் பிழையில்லாமல் சொல்வதும் இலக்கணத்தின் கடமை என்று கருதிய மரபு இது.

அந்த மரபு இன்னும் பேச்சில் உயிரோடு இருக்கிறது. ஆதிச்சநல்லூர்ப் பரம்புக்குப் பக்கத்தில் ஆடு மேய்க்கும் பெரியவரிடம் தாழிகளைப் பற்றிக் கேட்டால், ‘அந்தக் காலத்துல சாவு வராம கெடந்த கெழடுகள உள்ள வச்சி மூடிருவாங்களாம்’ என்று சொல்லக்கூடும். முதுமக்கள் தாழி என்ற பெயருக்குத் தென்மாவட்டங்களில் பரவலாகச் சொல்லப்படும் கதை அது. 1881இல் வெளிவந்த திருநெல்வேலி வரலாற்று நூலில் கால்டுவெல் தாழிகளைப் பற்றி எழுதியபோதே இக்கதை வழங்கியது. கதை தவறு என்று நாம் சிரிக்கிறோம். ஆனால் வாக்கியத்தின் இறுதியிலுள்ள அந்த ‘ஆம்’ விகுதியைக் கவனித்தோமா? ‘மூடிருவாங்க’ என்று அவர் சொல்லவில்லை, ‘மூடிருவாங்களாம்’ என்கிறார். நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன், பொறுப்பு என்னுடையதில்லை: இத்தனையும் அந்த ஓர் அசையில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் தம் அறிவின் எல்லையை இவ்வளவு துல்லியமாகக் குறிக்கிறார். நம் தலைப்புச் செய்திகளில் இந்த ‘ஆம்’ எங்கே போயிற்று?

3

ஆதிச்சநல்லூரின் கதை உறுதிகளின் கதை. தாமிரபரணியின் தென்கரையில், ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகில், சுமார் 114 ஏக்கர் பரப்புள்ள இடுகாடு. 1876இல் ஜெர்மானியர் யாகோர் வந்து தோண்டினார். கிடைத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் 1905 வரை பல பருவங்களில் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தங்க நெற்றிப்பட்டங்கள், வெண்கலப் பாத்திரங்கள், இரும்பு ஆயுதங்கள், உமி, மண்டையோடுகள் என அவர் எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்றன. 1915இல் அவற்றுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டார். இடையே பிரெஞ்சுக்காரர் லபிக் வந்து, எலும்புகளை எடுத்துக்கொண்டு பாரீஸ் போனார். ஒரே ஊரில் புதைக்கப்பட்டவர்கள் இன்று மூன்று நாட்டு அலமாரிகளில் இருக்கிறார்கள்.

முதலில் வந்த உறுதி இனம் பற்றியது. மண்டையோட்டின் நீள அகலத்தை அளந்தால் இனத்தைச் சொல்லிவிடலாம் என்பது அக்கால அறிவியலின் அசையாத நம்பிக்கை. 1930இல் ஸக்கர்மன் ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளைப் பற்றிச் சென்னை அருங்காட்சியக வெளியீடாக ஓர் ஆய்வு எழுதினார். பின்வந்தவர்கள் வேறு வேறு முடிவுக்கு வந்தார்கள். உடலியல் மானிடவியல் அந்த இன வகைப்பாட்டையே கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும், நம் பத்திரிகைகளில் நூற்றுக்கு இத்தனை பேர் ‘காகசாய்டு’, இத்தனை பேர் ‘மங்கோலாய்டு’ என்று தேர்தல் முடிவுபோல் சதவீதங்கள் அச்சாயின. அளந்தது எத்தனை மண்டையோடுகளை, அவற்றில் முழுமையானவை எத்தனை என்ற கேள்வியை எழுப்பியவர்கள் குறைவு. ‘ஆதிச்சநல்லூரில் உலக இனங்கள் எல்லாம் வாழ்ந்தது உறுதி’ என்ற முடிவுக்குச் சென்றவர்களோ பலர்.

அடுத்தது எழுத்து. 2004-05இல் இந்தியத் தொல்லியல் துறையின் சத்தியமூர்த்தி தலைமையில் மீண்டும் அகழாய்வு நடந்தது. சுமார் 600 சதுர மீட்டரில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அப்போது ஒரு தாழியின் உட்புறம் எழுத்து இருப்பதாகச் செய்தி வந்தது. அது வாசித்தும் காட்டப்பட்டது. சிந்துவெளிக்கும் தமிழ்ப் பிராமிக்கும் இடையிலான பாலம் கிடைத்துவிட்டது என்ற அளவில் கட்டுரைகள் எழுதப்பட்டன. அந்த வாசிப்பு அறிஞர்களிடையே நிலைபெறவில்லை. நிலைபெறாததை யாரும் எழுதவில்லை. உறுதி முதல் பக்கத்தில் வந்தது. ஐயத்துக்கு எந்தப் பக்கத்திலும் இடம் கிடைக்கவில்லை.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. அந்த அகழாய்வின் முழு அறிக்கை பதினைந்து ஆண்டுகளாகியும் வெளிவரவில்லை. நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. அறிக்கை இல்லாத அந்த ஆண்டுகளில்தான் ஆதிச்சநல்லூரைப் பற்றி மிக உறுதியான சொற்பொழிவுகள் நிகழ்த்தப்பட்டன. இது முரண்பாடு போலத் தோன்றும். எனக்கு இதில் முரண்பாடே தெரியவில்லை. முடிவு முன்பே கையில் இருப்பவனுக்கு அறிக்கை எதற்கு? எல்லோருக்கும் எல்லாம் உறுதியாகத் தெரிந்திருந்ததால்தான் அந்த அறிக்கைக்காகத் தெருவில் இறங்கியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தார்கள்.

4

பிறகு தேதிகள். 2019இல் மதுரைக் கிளை உயர்நீதிமன்றத்தில் இரண்டு மாதிரிகளின் கரிமக் கணிப்பு முடிவுகள் தெரிவிக்கப்பட்டன: கி.மு. 905, கி.மு. 696. மறுநாளே ஆதிச்சநல்லூரின் வயது ‘உறுதியானது’. 905, 696 என்று ஒற்றைப்படை இலக்கம் வரை சொல்லப்பட்ட எண்களில் ஒரு வசியம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் உள்ள ஆண்டைப் போலத் தோன்றுகின்றன. அவை அப்படிப்பட்டவை அல்ல.

கரிமக் கணிப்பு எப்படி நடக்கிறது என்பது சிக்கலான விஷயமில்லை. உயிருள்ளவை காற்றிலுள்ள கதிரியக்கக் கரிமத்தை உள்வாங்குகின்றன. இறந்தபின் அது சிதைந்து குறைகிறது; பாதியாகச் சுமார் 5,730 ஆண்டுகள் ஆகும். மிஞ்சியதை அளந்தால் இறந்து எவ்வளவு காலமாயிற்று என்று மதிப்பிடலாம். ஆய்வகம் கொடுப்பது ஓர் எண்ணும் அதன் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறியோடு இன்னோர் எண்ணும். கூட்டல் கழித்தல் முப்பது என்றால், உண்மையான அளவு அந்த அறுபதாண்டு இடைவெளிக்குள் இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு என்று பொருள். மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு வெளியே இருக்கிறது. காற்றிலுள்ள கதிரியக்கக் கரிமத்தின் அளவு காலந்தோறும் மாறியிருப்பதால், மர வளையங்களைக் கொண்டு வரைந்த ஒரு வளைகோட்டோடு ஒப்பிட்டுத்தான் இதை நாட்காட்டி ஆண்டாக மாற்ற வேண்டும். அங்கேதான் ஆதிச்சநல்லூருக்கு ஒரு துரதிர்ஷ்டம். ஏறத்தாழ கி.மு. 800 முதல் 400 வரை அந்த வளைகோடு சமதளமாகக் கிடக்கிறது. உலகெங்கும் இரும்புக்கால ஆய்வாளர்கள் சபிக்கும் பகுதி அது. அந்த நானூறு ஆண்டுகளுக்குள் இறந்த எதை அளந்தாலும் கிட்டத்தட்ட ஒரே விடைதான் வரும். கி.மு. 696 விழுவது சரியாக அந்தச் சமதளத்தில். ஆகவே அது ஓர் ஆண்டைச் சுட்டுவதாக எடுத்துக்கொள்ள முடியாது. ஓரிரு நூற்றாண்டு அகலமுள்ள ஒரு பரப்பின் நடுவில் ஊன்றிய கம்பு என்றே கொள்ள வேண்டும். அளந்தது கரித்துண்டாக இருந்தால் இன்னொன்றும் சேரும்: கரி சொல்வது மரத்தின் வயதை, புதைத்த நாளை அன்று.

இதனால் கணிப்பு பொய் என்று ஆகிவிடாது. கி.மு. முதல் ஆயிரத்தாண்டின் முற்பகுதியில் இங்கே மனிதர்கள் தம் இறந்தவர்களைத் தாழியிலிட்டுப் புதைத்தார்கள் என்பது நன்கு தாங்கும் முடிவு. அதற்குள்ளேயே எவ்வளவு பெருமை இருக்கிறது! ஆனால் ‘கி.மு. 1000க்கும் 500க்கும் இடைப்பட்ட காலமாக இருக்கக்கூடும்’ என்ற வாக்கியத்துக்கு நம்மிடம் கைத்தட்டல் கிடைப்பதில்லை.

கைத்தட்டல் கிடைத்தவற்றைப் பார்ப்போம். 2021 செப்டம்பரில், அண்டையிலுள்ள சிவகளையில் தாழியொன்றில் கிடைத்த நெல்மணியின் காலம் கி.மு. 1155 என்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. பொருநை நாகரிகத்துக்கு 3,200 ஆண்டுப் பழமை உறுதியாயிற்று. 2025 ஜனவரியில் அதே சிவகளையின் இரும்புக்குக் கி.மு. 3345 வரை செல்லும் தேதிகள் வெளியாயின; தமிழ்நிலத்தில்தான் இரும்பின் காலம் தொடங்கியது என்று அறிவிக்கப்பட்டது. இரண்டும் வேறு வேறு மாதிரிகள், வேறு வேறு தாழிகள். இரண்டும் சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒரே இடுகாட்டுப் பரப்பில் இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி எப்படி வந்தது, இத்தனை காலமும் அதே முறையில் புதைத்தார்களா, இரும்பு மேற்கொண்டு எப்படிப் பரவியது என்பவைதாம் வாசகன் கேட்க வேண்டிய கேள்விகள். பழந்தேதிகளில் சில, பொருள் கடைசியாக வெயிலோ வெப்பமோ கண்ட காலத்தை மதிப்பிடும் ஒளிர்வு முறையில் பெறப்பட்டவை. அம்முறையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை பிழை வரம்பு சாதாரணம். ஐயாயிரம் ஆண்டுக்கு அது சில நூறு ஆண்டுகள். அறிக்கையில் இந்த வரம்புகள் இருக்கும். மேடைக்கு வரும் வழியில் உதிர்ந்துவிடுகின்றன.

5

‘இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறீர்கள்? எதிரிக்கு ஆயுதம் கொடுக்கிறீர்களே’ என்று கேட்கும் அன்பர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாதத்தைப் புறந்தள்ள முடியாது. கீழடி அறிக்கை கண்முன் இருக்கிறது. 2023 ஜனவரியில் ஒப்படைக்கப்பட்ட 982 பக்க அறிக்கையை, காலக்கணிப்பைத் திருத்தும்படி 2025 மே மாதம் இந்தியத் தொல்லியல் துறை திருப்பி அனுப்பியது. இன்னும் உறுதியான சான்று வேண்டும் என்பதே சொல்லப்பட்ட காரணம். ஐயம் என்பது அறிவியலின் அறம். ஆனால் அதே ஐயம் ஒருவரை மட்டும் காக்கவைக்கும் தாழ்ப்பாளாகவும் பயன்படும். 2019இல் ராக்கிகடியின் ஒரே ஒரு பெண்ணின் எலும்பிலிருந்து பெற்ற மரபணுவைப் பற்றிய கட்டுரை வெளிவந்தபோது, கட்டுரை சொன்னதைத் தாண்டி, ஆரியர் வருகை என்ற கருத்தே தகர்ந்தது என்று பத்திரிகையாளர் கூட்டத்தில் முழங்கினார்கள். அங்கே ஓர் எலும்பு போதுமாக இருந்தது; கீழடிக்கு மட்டும் 982 பக்கம் போதவில்லை. உறுதியின் அளவுகோல் ஊருக்கு ஊர் நீள்வதும் சுருங்குவதும் அநியாயம். அதைச் சொல்லத் தயங்க மாட்டேன்.

ஆனால் அதற்கு மறுமொழி நம் அளவுகோலையும் அவர்களைப் போலவே வளைப்பதா? நாம் பிழை வரம்பை மறைத்து ஒற்றை எண்ணை உயர்த்திப் பிடித்தால், நாளை வேறோர் ஆய்வகம் நூறாண்டு தள்ளி ஒரு விடை தரும்போது விழுவது அந்த எண் மட்டுமாக இருக்காது. அதன்மேல் ஏற்றி வைத்த அத்தனையும் சேர்ந்து விழும். ‘கி.மு. 905 உறுதி’ என்பவனை வீழ்த்த ஒரு தேதி போதும். ‘கி.மு. முதல் ஆயிரத்தாண்டின் முற்பகுதி’ என்பவனை வீழ்த்த ஒரு புதிய ஆதிச்சநல்லூர் வேண்டும். வரம்பைச் சொல்வது பணிவினால் அன்று, அதுவே வலுவான கோட்டை என்பதனால். எதிரிக்கு ஆயுதம் கொடுப்பது ஐயத்தை ஒப்புக்கொள்பவன் இல்லை. காக்க முடியாத உறுதியை அறிவிப்பவன்தான்.

இன்னொன்றும் உண்டு. பழமை என்பது பந்தயம் என்று ஆகிவிட்டால், முந்தைய ஊர் தோற்றுப்போகிறது. ஆதிச்சநல்லூரைக் கீழடி மறைத்தது; கீழடியைச் சிவகளை மறைத்தது. 2020 மத்திய நிதிநிலை அறிக்கையில் ஆதிச்சநல்லூருக்குத் தள அருங்காட்சியகம் அறிவிக்கப்பட்டது. 2021இல் தொடங்கிய புதிய அகழாய்வில் மீண்டும் தங்க நெற்றிப்பட்டம் கிடைத்தது. கண்ணாடித் தளத்தின்மேல் நின்று, காலுக்கடியில் குழிக்குள் இருக்கும் தாழிகளை இன்று அங்கே பார்க்கலாம். பார்ப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றே: ‘எத்தனை வருசம்?’ யார் இவர்கள், எங்கே குடியிருந்தார்கள், இந்தத் தாமிரத்தையும் தகரத்தையும் எங்கிருந்து பெற்றார்கள் என்று கேட்பவர் குறைவு. வயதைச் சொல்லிவிட்டால் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நாம் அவர்களைப் பழக்கியிருக்கிறோம்.

6

உறுதியில்லாததோடு கௌரவமாக வாழத் தெரியாத மக்கள் இல்லை நாம். அதே தாமிரபரணி கடலில் சேரும் கரைக்குப் போனால் இது விளங்கும். கொற்கையும் காயலும் தூத்துக்குடியும் நூற்றாண்டுகளாக முத்தில் வாழ்ந்தவை. முத்துச் சலாபத்தில் சிப்பிகள் திறக்கப்படாமலேயே, ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்பட்டன. உள்ளே முத்து இருக்கிறதா, ஆணிமுத்தா, வெறும் சிப்பியா என்று விற்பவனுக்கும் தெரியாது, வாங்குபவனுக்கும் தெரியாது. ஆனால் அது கண்மூடிய சூதாட்டமும் இல்லை. சலாபத்துக்கு முன்பு பார்களிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துகளை நிறுத்து மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு ஏறத்தாழ இவ்வளவு பெறும் என்று கணித்தார்கள். வணிகர்கள் அந்தக் கணிப்பின்மேல் தம் அனுபவத்தை ஏற்றி விலை கூறினார்கள். ஆய்வகமும் கூட்டல் கழித்தல் குறியும் செய்யும் வேலை அதுவே. ‘இந்தச் சிப்பியில் முத்து இருப்பது உறுதி’ என்று கூவி விற்க ஒருவன் வந்திருந்தால், அவனைக் கடற்கரையைவிட்டே துரத்தியிருப்பார்கள். 1961க்குப் பிறகு தூத்துக்குடியில் சலாபம் நடக்கவில்லை. சிப்பியோடு அந்த மனப்பக்குவமும் பாரைவிட்டுப் போய்விட்டதோ என்று அஞ்சுகிறேன்.

நான் கேட்பது அதிகமில்லை. தேதியை எழுதும்போது அதன் வரம்பையும் சேர்த்து எழுதுங்கள். எந்த முறையில் பெறப்பட்டது என்று ஒரு சொல் எழுதுங்கள். ‘இருக்கலாம்’, ‘இருக்கக்கூடும்’, ‘என்று கருதப்படுகிறது’, ‘சான்று வலுவானது’, ‘ஐயமில்லை’ ஆகிய ஐந்தும் ஐந்து வேறு படிகள். ஆங்கில ஆய்வாளர் எந்தப் படியில் நிற்கிறாரோ அதே படியில் அவரைத் தமிழில் நிறுத்துங்கள். தூக்கி மொட்டைமாடியில் வைக்காதீர்கள். அறிக்கை வெளிவரும்வரை ‘ஆம்’ விகுதியைப் பயன்படுத்துங்கள். ஆடு மேய்ப்பவருக்கு வெட்கமில்லாதது நமக்கும் வேண்டாம். சொல்லாததைக் ‘குறிப்பிட்ட’ என்று எழுதும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

புறநானூற்றின் 256ஆம் பாடலில் ஒரு பெண், தன் கணவனுக்குத் தாழி வனையும் குயவனிடம், தனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி அதை அகலமாகச் செய்யச் சொல்கிறாள். அந்தப் பாட்டுக்கும் ஆதிச்சநல்லூருக்கும் தொடர்பு உண்டென்று நான் சொல்ல மாட்டேன். இடையில் எத்தனை தலைமுறையோ. ஆனால் ஒவ்வொரு தாழிக்கும் அதன் அளவைச் சொன்ன ஒருவர் இருந்திருப்பார், அதை வனைந்த ஒருவர் இருந்திருப்பார், உமியும் நெல்லும் உள்ளே வைத்த ஒரு கை இருந்திருக்கும். ஆதிச்சநல்லூரைப் பற்றித் திண்ணமாகச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவே. மற்றதைச் சொல்லும் முன் இன்னும் கொஞ்சம் நீர் தெளியட்டும்.

நண்பரின் மொழிபெயர்ப்பு சென்ற வாரம் அச்சாகிவிட்டது. ‘சில தாழிகளில் நெல் உமி காணப்பட்டது’ என்று சரியாகத் திருத்தியிருந்தார். தலைப்பை மட்டும் பத்திரிகை அலுவலகத்தில் மாற்றியிருக்கிறார்கள். அதன் கடைசிச் சொல் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.